வெயிலுக்கு ஒரு குதிர்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்த கதையை எல்லாரும் அறிவர். தென்னையோடு பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் மறுபடி விளக்கெரிய வாரக்கணக்கில் ஆயிற்று. மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் என் பெரியப்பாவின் ஊர் அவற்றில் ஒன்று.

பெரியப்பா முந்தின ஆண்டுதான் தம் வீட்டு மாடியில் 2 கிலோவாட் அளவுக்குச் சூரியப் பலகைகள் பொருத்தியிருந்தார். எட்டுப் பலகைகளும் புயலுக்குத் தப்பிவிட்டன. மட்டை ஒன்று பறந்துவந்து ஒரு பலகையின் சட்டத்தைக் கீறியதோடு சரி. நான் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. குளிர்பெட்டி நின்றுவிட்டதால் பெரியம்மாவின் இன்சுலின் மருந்தை ஈரமணலில் புதைத்த மண்கலயத்துக்குள் வைத்திருந்தார்கள்.

“தம்பி, நீ பௌதிகம் படிச்சவன்தானே? வெயில் அடிக்குது. பலகை முழுசா இருக்கு. அப்புறம் ஏன் கரண்ட் வரலே?” என்று பெரியப்பா கேட்டார்.

விடை எனக்குத் தெரியும். பலகை பொருத்திய நிறுவனத்தார் அதை அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சூரியப் பலகை வாங்கினால் மின்சாரத்தில் சுயேச்சை வந்துவிடும் என்று அவரைப் போலவே பலரும் நினைக்கிறார்கள். பலகை அதில் ஒரு பாதி. மறுபாதி எது, அது எவ்வளவு இருந்தால் போதும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெயிலுக்குப் பஞ்சமில்லை

முதலில் வரவைப் பார்ப்போம். பூமியின் வளிமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேரே நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,361 வாட் ஆற்றல் விழுகிறது. காற்றைக் கடந்து வரும்போது ஒரு பகுதி சிதறியும் உட்கவரப்பட்டும் போய்விடுகிறது. தெளிந்த நாளின் உச்சிவேளையில் தரையில் கிடைப்பது ஏறக்குறைய 1,000 வாட்.

காலை மாலைச் சாய்வெயிலையும் மேக நாட்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் அளவு கிடைக்கிறது. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் செலவிடுவது. ஜூலில் சொன்னால் 36 லட்சம் ஜூல். 600 சதுர அடி மொட்டைமாடியின் பரப்பு ஏறத்தாழ 56 சதுர மீட்டர். அதன்மேல் தினமும் 280 யூனிட் வெயில் கொட்டுகிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்று நாளுக்குச் செலவிடுவதோ 5 யூனிட். இயற்கை நமக்குக் குறை வைக்கவில்லை என்பது தெளிவு.

ஒளி மின்னோட்டமாவது எப்படி?

ஒளி பட்டால் மின்னழுத்தம் தோன்றுவதை 1839-இல் முதலில் கண்டவர் எட்மண்ட் பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர். அப்போது அவருக்கு வயது 19. அந்த விளைவு பயன்படும் கருவியாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் செய்த சிலிகான் சூரிய மின்கலம், விழுந்த ஒளியில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து வான்கார்டு-1 செயற்கைக்கோளின் மேல் ஏறி அது விண்வெளிக்கே போய்விட்டது.

சிலிகான் ஒரு குறைகடத்தி. அதில் எலக்ட்ரான்கள் தத்தம் அணுக்களுடன் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்றை விடுவிக்க 1.1 எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் தேவை. ஒளியின் சிறு பொட்டலங்களான ஃபோட்டான்கள் இந்த விடுதலையைச் செய்கின்றன. விடுபட்ட எலக்ட்ரான் மீண்டும் தன் இடத்திலேயே விழுந்துவிடாதிருக்க, சிலிகானின் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸையும் மறுபக்கத்தில் போரானையும் சிறிதளவு கலக்கிறார்கள். இரண்டும் கூடும் சந்தியில் நிலையான ஒரு மின்புலம் உண்டாகிறது. அது வாய்க்கால் மடைபோல் எலக்ட்ரானை ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. வெளியே கம்பி இணைத்தால் மின்னோட்டம் பாயும்.

ஒரு கலத்தின் மின்னழுத்தம் 0.6 வோல்ட் அளவுதான். பல கலங்களைத் தொடராகக் கோத்தால் 40 வோல்ட் தரும் ஒரு பலகை ஆகிறது.

விழும் ஒளி முழுவதும் மின்சாரமாவதில்லை. 1.1 எலக்ட்ரான்-வோல்ட்டுக்குக் குறைந்த அகச்சிவப்பு ஃபோட்டான்களால் எலக்ட்ரானை விடுவிக்க முடியாது. ஊதா ஃபோட்டானிடம் 3 எலக்ட்ரான்-வோல்ட் இருக்கிறது. தேவைக்கு மேற்பட்டது வெப்பமாக வீணாகிறது. இவற்றையெல்லாம் கணக்கிட்டு, ஒற்றைச் சந்தி உடைய இத்தகைய கலம் 30 சதவீதம் அளவைத் தாண்ட முடியாது என்று ஷாக்லியும் குவைசரும் 1961-இல் காட்டினர். இன்று கடையில் கிடைக்கும் பலகைகள் 20 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சித்திரை வெயிலில் பலகை மிகுதியாக மின்சாரம் தரும் என்று நினைப்போம். பலகையின் திறனைத் தொழிற்சாலையில் அளப்பது 25 டிகிரி செல்சியஸில். நம் மொட்டைமாடியில் அது 60 டிகிரிக்குச் சூடேறும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் திறன் குறைகிறது. 35 டிகிரிக்கு 14 சதவீதம் போயிற்று. பலகைக்கு வேண்டியது ஒளி. வெப்பம் அதற்குப் பகை. அடியில் காற்று புகும்படி உயர்த்திப் பொருத்துவது இதனால்தான்.

இந்த இழப்புகளையும் தூசியையும் கழித்த பிறகு, நம் ஊரில் 1 கிலோவாட் பலகை சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று கொள்ளலாம். பெரியப்பா வீட்டு 2 கிலோவாட்டுக்கு 8 யூனிட். அவர்களுடைய தேவை 5 யூனிட்தான்.

வெயிலிருந்தும் விளக்கெரியாதது ஏன்?

பலகை தருவது நேர்த்திசை மின்னோட்டம். வீட்டுக் கருவிகளுக்கு வேண்டியது 230 வோல்ட், வினாடிக்கு 50 அலைவுகள் கொண்ட மாறுதிசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இன்வெர்ட்டர். பெரியப்பா வீட்டில் இருந்தது மின்வாரியக் கம்பியோடு இணைந்து மட்டுமே இயங்கும் வகை. அந்த இன்வெர்ட்டர் தானாகத் தாளம் போடாது. கம்பியில் வரும் 50 அலைவுகளைக் கேட்டு, அதே தாளத்தில் தன் மின்சாரத்தையும் சேர்த்துப் பாடும். கம்பி மௌனமானால் அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். தெருமுனையில் இருக்கும் மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. மின்மாற்றிக்குத் திசை கிடையாது. வீட்டுப் பக்கமிருந்து மின்சாரத்தை ஏற்றினால், அதே மின்மாற்றி அதை மறுபுறம் 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒரு தொழிலாளி கம்பத்தில் ஏறியிருக்கும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? கஜாவுக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டவர்களின் உயிர் அந்த மௌனத்தில்தான் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. மின்சாரத்தில் வரவும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்கவேண்டும். ஒரு மேகத்துண்டு கடந்தால் பலகையின் வரவு பாதியாகும்; அதே நொடியில் மிக்சியைப் போட்டால் செலவு இரட்டிக்கும். இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கிக்கொள்ள நடுவே ஓர் இருப்பு வேண்டும். சாதாரண நாட்களில் மின்வாரியக் கம்பி அந்த இருப்பாக இருக்கிறது. கம்பி அறுந்தால் வீட்டுக்குள்ளேயே ஓர் இருப்பு வேண்டும். அதுதான் நாம் தேடிய மறுபாதி: சேமக்கலம். அன்றாடப் பேச்சில் பேட்டரி.

குதிரின் அளவு

காவிரிப் பாசன ஊர்களில் பழைய வீடுகளில் குதிர் இருக்கும். மண்ணால் செய்த உயரமான நெற்கூடு அது. குதிர் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? குடும்பம் எத்தனை பேர் என்பதோடு, அடுத்த அறுவடைக்கு எத்தனை நாள் என்பதும் அதைத் தீர்மானிக்கும். நெல்லுக்கு ஆண்டில் ஓரிரு அறுவடைதான். ஆகவே பெரிய குதிர். வெயிலுக்கோ தினமும் அறுவடை. மாலை 6 மணிக்கு மூடும் களம் மறுநாள் காலை மீண்டும் திறக்கிறது. ஆகவே ஓர் இரவுக்குத் தாங்கும் குதிர் போதும்.

அந்த இரவுக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு வீட்டின் ஒருநாள் செலவை யூனிட்டில் எழுதிப் பார்ப்போம்.

விளக்குகள் 5 (9 வாட், 6 மணி நேரம்): 0.27
மின்விசிறிகள் 3 (75 வாட், 10 மணி நேரம்): 2.25
குளிர்பெட்டி: 1.00
தொலைக்காட்சி (80 வாட், 4 மணி நேரம்): 0.32
மிக்சி, கிரைண்டர்: 0.35
தண்ணீர் மோட்டார் (1 குதிரைத்திறன், அரை மணி நேரம்): 0.40
கைப்பேசி, இணையக் கருவி: 0.25
மொத்தம்: 4.84

5 யூனிட் என்று முழுமையாக வைத்துக்கொள்வோம். இதில் இரவுப் பங்கு எவ்வளவு? விளக்கு முழுவதும் இரவுக்கே. விசிறியில் 8 மணி நேரம், குளிர்பெட்டியில் பாதி, தொலைக்காட்சியில் முக்கால் பங்கு, மற்றவை சிறிது. கூட்டினால் 3 யூனிட் வரும்.

கூட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை வெளிப்படுகிறது. அந்த 3 யூனிட்டில் 1.8 யூனிட் விசிறிக்கே போகிறது. பழைய 75 வாட் விசிறிகளைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளைப் போட்டால் அது 0.72 ஆகும். இரவுத் தேவை ஒரு யூனிட்டுக்கு மேல் குறைகிறது. சேமிக்கவேண்டாத யூனிட்டுக்குச் சேமக்கலம் வேண்டாம். எனவே சேமக்கலம் வாங்கப் போகிறவர் முதலில் விசிறிக் கடைக்குப் போவது நல்லது.

நீர், காரீயம், லித்தியம்

3 யூனிட்டை எதில் சேமிப்பது? மேல்தொட்டியில் தண்ணீரை ஏற்றி வைத்து, இரவில் இறக்கி மின்சாரம் எடுத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 1,000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் அதில் சேரும் நிலையாற்றல் 1,000 × 9.8 × 10, அதாவது 98,000 ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல் ஆயிற்றே! ஒரு தொட்டித் தண்ணீர் ஒரு யூனிட்டில் 37-இல் ஒரு பங்குதான். 3 யூனிட்டுக்கு 1,10,000 லிட்டர் வேண்டும். வீட்டின்மேல் ஒரு குளத்தையே கட்டவேண்டும்.

வேதியியல் இதைச் சிறு பெட்டிக்குள் அடக்கித் தருகிறது. காரீய அமிலச் சேமக்கலத்தை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே செய்தார். காரீயத் தகடும் காரீய டை ஆக்சைடு தகடும் கந்தக அமிலத்தில் நிற்கின்றன. மின்னிறக்கத்தின்போது இரண்டும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. மின்னேற்றத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. முழுதும் இறங்கிய நிலையில் அப்படியே விட்டுவிட்டால் சல்பேட் படிகங்கள் இறுகிக் கரைய மறுக்கும். எனவே பாதிக்குமேல் இறக்காமல் இருப்பது நல்லது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று கடையில் சொல்லும் சேமக்கலத்தின் கொள்ளளவு 12 × 150 = 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். பாதி என்றால் 0.9 யூனிட். நம் 3 யூனிட்டுக்கு நான்கு சேமக்கலங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல் எடை. அவ்வப்போது வாலை வடிநீர் ஊற்றவேண்டும். மின்னேற்றத்தில் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமும் வேண்டும்.

லித்தியம் அயனிச் சேமக்கலம் 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடிகோலிய குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் தகடுகள் வேறொரு பொருளாக மாறுவதில்லை. லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயின் அடுக்குகளுக்குள்ளிருந்து மற்றொன்றுக்குப் போய்ப் போய் வருகின்றன. ஆகவே தேய்மானம் குறைவு. வீட்டுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. மற்ற லித்தியம் வகைகளைவிட எளிதில் தீப்பிடிக்காதது. கொள்ளளவில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். காரீய வகை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு முறை ஏறி இறங்கித் தளரும் என்றால், இது மூவாயிரம் முறைக்கு மேலும் தாங்கும். 5 யூனிட் கொள்ளும் பெட்டி ஏறத்தாழ 50 கிலோ, சுவரில் மாட்டிவிடலாம். விலை அதிகம் என்பது உண்மைதான். ஒருமுறை கொடுக்கும் விலையை மட்டும் பாராமல், ஆயுள் முழுதும் எத்தனை யூனிட் தரும் என்று வகுத்துப் பார்க்கவேண்டும்.

இரண்டு வகைக்குமே வெப்பம் ஆகாது. காரீய வகையில் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பழைய பொறியாளர் வழக்கு. ஆகவே தகரக் கொட்டகையிலோ பரண்மேலோ வைக்கலாகாது. ஆயுள் முடிந்த சேமக்கலத்தைத் தெருவில் எறிவதும் கூடாது. 2022-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

அடைமழைக் கணக்கு

இதுவரை கணக்கு இனிமையாகவே வந்தது. 2 கிலோவாட் பலகை, 5 யூனிட் சேமக்கலம், அதோடு கம்பி இல்லாதபோதும் தானே தாளம் போடக்கூடிய கலப்பு இன்வெர்ட்டர். வெயில் நாளில் வீடு தன் காலில் நிற்கும். ஆனால் புயல் வெயில் நாளில் வருவதில்லை. கம்பி அறுவதும் வானம் இருள்வதும் நமக்கு ஐப்பசி கார்த்திகையில் சேர்ந்தே வருகின்றன.

அடைமழை நாளில் 2 கிலோவாட் பலகை 8 யூனிட்டுக்குப் பதில் 1.5 யூனிட் தரும் என்று வைப்போம். செலவுப் பக்கத்தில் யாரும் சொல்லாத ஓர் இனம் இருக்கிறது. இன்வெர்ட்டரே ஒரு தீனிக்காரன். ஒன்றும் ஓடாதபோதும் 40 வாட் அளவு தன் வயிற்றுக்குத் தின்னும். நாளெல்லாம் சேர்த்தால் ஒரு யூனிட். ஆக நாள் செலவு 5 + 1 = 6. வரவு 1.5. தினமும் 4.5 யூனிட் துண்டு விழுகிறது. 5 யூனிட் சேமக்கலத்தில் எடுக்கக்கூடியதும் 4.5 தான். ஒரே நாளில் குதிர் காலி.

மூன்று நாள் மழையைச் சமாளிக்க என்ன வழி? முதல் வழி, இன்னும் இரண்டு சேமக்கலம் வாங்குவது. இதைச் சற்று யோசித்துப் பார்ப்போம். முதல் சேமக்கலம் ஆண்டில் 365 இரவும் உழைக்கிறது. இரவுக்கு 4 யூனிட் என்றால் பத்தாண்டில் 14,600 யூனிட். அடைமழைக்கென்று வாங்கிய மற்ற இரண்டும் ஆண்டுக்குப் பத்து நாள் உழைக்கும். பத்தாண்டில் ஒவ்வொன்றும் 400 யூனிட். விலையோ மூன்றுக்கும் ஒன்றே. பின்னவற்றின் ஒரு யூனிட், முன்னதைப்போல் 36 மடங்கு விலை பெறுகிறது. அதுவும் சும்மா இருந்தாலும் சேமக்கலத்துக்கு வயதாகும். திருவிழாவுக்குத் திருவிழா வெளியே வரும் தேரை வீட்டுக்கு வீடு செய்து வைத்ததுபோல் ஆகும்.

இரண்டாவது வழி, செலவைப் பகுப்பது. மழை நாளில் நிற்கவே கூடாதவை எவை? குளிர்பெட்டி 1 யூனிட். இரண்டு மூன்று விளக்கு, ஒரு சிக்கன விசிறி, கைப்பேசி, கால்மணி நேரம் தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து இன்னொரு யூனிட். இன்வெர்ட்டரின் தீனி ஒன்று. ஆக 3 யூனிட். வரவு 1.5. துண்டு 1.5 மட்டும். அதே சேமக்கலம் மூன்று நாள் தாங்குகிறது. மூன்று நாளில் மேகம் சற்று விலகினால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

மின்சாரச் சுயேச்சையின் சூட்சுமம் இதுதான் என்று நான் கருதுகிறேன். எல்லாக் கருவியும் எல்லா நாளும் ஓடவேண்டும் என்றால் அதன் விலைக்கு எல்லையில்லை. எவை நிற்கக்கூடாது என்று தீர்மானித்து, அவற்றைத் தனிக் கம்பிச் சுற்றில் பிரித்து வைத்தால், ஓர் இரவுக்கான குதிரே பஞ்ச காலத்துக்கும் கைகொடுக்கிறது.

ஊர்க் குதிர்

அப்படியானால் மின்வாரியக் கம்பியை வெட்டிவிடலாமா? வேண்டாம். பங்குனியில் பெரியப்பா வீட்டில் மிஞ்சும் யூனிட்டுகளைக் கார்த்திகைக்கு வைத்திருக்க எந்த வீட்டுச் சேமக்கலத்தாலும் ஆகாது. ஊர் அளவில் அதற்கு வேறு வழிகள் உண்டு. நம் மாநிலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களிலும் காற்று பலமாக வீசிக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். வீட்டு மாடியில் நகைப்புக்கிடமான அந்த நீர்க்கணக்கு, மலையும் அணையும் கிடைத்தால் பலித்துவிடுகிறது.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். பகலில் நாம் கம்பிக்கு அனுப்பும் யூனிட்டை மின்வாரியம் நமக்கென்று எடுத்து வைப்பதில்லை. அது அப்போதே அடுத்த தெருவில் செலவாகிவிடுகிறது. நமக்கு நிற்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவு. மாலை 7 மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கெரியும்போது அந்த யூனிட்டை வேறெங்கோ புதிதாக உண்டாக்கித்தான் தரவேண்டும். மாலையில் தன் சேமக்கலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வீடு, தனக்கு மட்டுமின்றி ஊருக்கும் அந்தச் சுமையைக் குறைக்கிறது.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைச் சூரியமின் திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. அந்த மானியம் கம்பியோடு இணைந்த பலகைகளின் கிலோவாட் அளவைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஆகவே பலகை பொருத்துகிறவர்கள், “கம்பியில் மின்சாரம் நின்றால் என் வீட்டில் என்ன நடக்கும்?” என்ற ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பின்னால் சேமக்கலம் சேர்க்க இடங்கொடுக்கும் கலப்பு இன்வெர்ட்டரைத் தொடக்கத்திலேயே வாங்கினால், பின்னர் ஒன்றைக் கழற்றி வேறொன்று மாட்டும் செலவு மிஞ்சும்.

பெரியப்பாவுக்கு அந்தச் செலவு நேர்ந்தது. 2021-இல் இன்வெர்ட்டரை மாற்றி, 5 யூனிட் லித்தியம் சேமக்கலம் ஒன்றைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். மின்பணியாளரைக் கொண்டு குளிர்பெட்டி, கூடத்து விளக்கு, ஒரு விசிறி, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைத் தனிச் சுற்றாக்கினோம். பெரியம்மா மாவரைப்பதையும் தண்ணீர் ஏற்றுவதையும் நடுப்பகலுக்கு மாற்றிக்கொண்டார்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் டெல்டா மாவட்டங்களில் கனமழை கொட்டியது. ஊரில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. நான் கவலையோடு தொலைபேசியில் கூப்பிட்டேன். பெரியப்பா எடுத்தார். “நாற்பத்திரண்டு சதவீதம் இருக்கு, தம்பி. டிவி மட்டும் போடலே. உன் பெரியம்மாதான் சீரியல் போச்சேன்னு கோபமா இருக்கா” என்றார். இன்சுலின் குளிர்பெட்டியில் இருந்தது.

வாசகர்களுக்கு ஒரு சிறு சோதனை சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டு மீட்டரை இன்று மாலை 6 மணிக்கும், நாளைக் காலை 6 மணிக்கும், நாளை மாலை 6 மணிக்கும் பார்த்து எழுதுங்கள். இரவுச் செலவும் பகற்செலவும் தனித்தனியே தெரிந்துவிடும். பிறகு வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து, மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால் எவை நிற்கக்கூடாது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பலகை வாங்குகிறீர்களோ இல்லையோ, உங்கள் வீட்டுக் குதிர் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.